நினைவும் சாட்சியமும்: ஒரு விமர்சனக் குறிப்பு

நினைவு நடந்ததன் பிரதியன்று. மீளாக்கமே என்பது உளவியலாய்வின் முக்கியமான முடிபாகும். 1974இல் எலிசபெத் லொவ்ற்றசும் ஜோன் பாமரும் விபத்துப் படமொன்றைக் காட்டிய பின்னர், கார்கள் 'மோதி நொறுங்கியபோது' எவ்வளவு வேகத்திற் சென்றன என 50 மாணவரையும், 'மோதியபோது' என வேறு 50 பேரையும் வினவினர். ஒரு வாரத்தின் பின், படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாக முதற் குழுவில் 16 பேரும் மற்றதில் 7 பேரும் கூறினர்.

இதனைக்கொண்டு சாட்சியம் முழுவதையும் நிராகரிப்பது தவறென நாம் கருதுகிறோம். வோட்டர்கேற் விசாரணையில் ஜோன் டீன் 1973இல் அளித்த சாட்சியத்தை வெள்ளை மாளிகை ஒலிநாடாப் பதிவுகளோடு உல்ரிக் நைசர் 1981இல் ஒப்புநோக்கினார். டீன் நினைவுகூர்ந்த உரையாடல்கள் பெரிதும் பிழைபட்டிருந்தன. தமது பங்கினையும் அவர் மிகைப்படுத்தியிருந்தார். எனினும், குற்றத்தை மூடிமறைக்க ஜனாதிபதி நிக்சனும் அவரைச் சார்ந்தோரும் முயன்றனர் என்ற அவரது கூற்றின் சாரம் மெய்யாயிருந்தது.

யதார்த்தவாதத்தை இயற்பண்புவாதத்தினின்றும் வேறுபடுத்தி நோக்கும் இலக்கிய மாணவர்க்கு இது புதிதன்று. விவரங்களின் துல்லியம் வேறு, சமூக உண்மை வேறு. ஆயினும் டீனின் கூற்றை உறுதிப்படுத்த ஒலிநாடாக்கள் இருந்தன. ஒடுக்கப்பட்டோரின் சாட்சியத்துக்கு அத்தகைய ஆதாரம் வாய்ப்பது அரிது. விவரப் பிழையைக் காட்டி அதனைத் தள்ளிவிடுவது அதிகாரத்திலுள்ளோர்க்கு எளிது. எனவே வினாவின் சொல்லோடு, வினவுவோரின் வர்க்க நிலையும் ஆராயப்படல் வேண்டும்.