உடைமையாளர் இல்லாத களவு: திறந்த உலகக் குற்ற விளையாட்டுகளில் வாகனத் திருட்டு

ஆய்வுச் சுருக்கம்

திறந்த உலகக் குற்ற விளையாட்டுகளில் வாகனத் திருட்டு என்பது கதையில் நிகழும் ஒரு சம்பவம் மட்டுமன்று. விளையாட்டின் இயக்கத்திற்கே அடிப்படையான செயல்விதியும் ஆகும். ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசையை முதன்மைச் சான்றாகவும் ‘மாஃபியா’, ‘எல்.ஏ. நுவார்’ ஆகியவற்றை ஒப்பீட்டுச் சான்றுகளாகவும் கொண்டு அச்செயல்விதியை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்விளையாட்டுகள் திருட்டைப் போற்றுகின்றனவா என்ற பழகிய வினாவைவிட, யாருடைய இழப்பை இவற்றின் விதிகள் இழப்பாகக் கணக்கிடுகின்றன என்ற வினாவே அடிப்படையானது என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: காணொளி விளையாட்டு, திறந்த உலகம், வாகனத் திருட்டு, உடைமை, செயல்விதி, கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ.

முன்னுரை

காணொளி விளையாட்டைத் திறனாய்வு செய்வோர் இரு தளங்களை ஒருசேர நோக்க வேண்டியுள்ளது. ஒன்று, விளையாட்டு சொல்லும் கதை. மற்றொன்று, விளையாடுநர் செய்யக்கூடியவை எவை, செய்யக்கூடாதவை எவை என வரையறுக்கும் விதிகள். கதை புனைவு, விதிகளோ விளையாடுநரை உண்மையாகவே கட்டுப்படுத்துபவை. இவ்விரண்டின் கலப்பே காணொளி விளையாட்டு என்பதை யெஸ்பர் யூல் 2005இல் வெளிவந்த தமது ‘ஹாஃப்-ரியல்’ நூலில் விளக்கினார். விதிகளும் ஒருவகை வாதத்தை முன்வைக்கின்றன என்பதை இயன் போகோஸ்ட் ‘பர்சுவேசிவ் கேம்ஸ்’ (2007) நூலில் நிறுவினார். கதைமாந்தர் என்ன பேசுகிறார் என்பதோடு, பொத்தானை அழுத்தினால் என்ன நிகழ்கிறது, என்ன நிகழாமல் போகிறது என்பதும் பொருள் தருகிறது என்பதே இவ்விரு நூல்களிலிருந்தும் பெறத்தக்க அணுகுமுறை.

குற்ற விளையாட்டுகள் குறித்த பொது விவாதம் பெரும்பாலும் முதல் தளத்திலேயே நின்றுவிட்டது. 1997இல் முதல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வெளிவந்த காலத்திலேயே பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மேலவையில் அது குறித்த கவலை எழுப்பப்பட்டது. இத்தகைய விளையாட்டுகள் இளையோரைக் குற்றத்திற்குத் தூண்டுமா என்பதே அன்று முதல் வினாவாக இருந்து வருகிறது. அவ்வினாவை உளவியலாரிடம் விட்டுவிட்டு, விதிகளின் தளத்தில் வாகனத் திருட்டு எவ்வாறு கட்டமைக்கப்பட்டுள்ளது என்பதை இனிக் காணலாம்.

திருட்டு போக்குவரத்தாக மாறிய வரலாறு

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ என்பது அமெரிக்கச் சட்ட வழக்கில் வாகனத் திருட்டைக் குறிக்கும் தொடர். இப்பெயரைத் தாங்கிய விளையாட்டு ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இயங்கிய டி.எம்.ஏ. டிசைன் நிறுவனத்தில் உருவானது. தொடக்கத்தில் ‘ரேஸ் அன்ட் சேஸ்’ என்ற பொருள்படும் பெயரோடு, காவலராகவும் குற்றவாளியாகவும் விளையாடத்தக்கதாக அது திட்டமிடப்பட்டது. சாலை விதிகளுக்குக் கட்டுப்பட்ட காவலரைவிட அவற்றை மீறும் குற்றவாளியாக விளையாடுவதே சுவையானது என்பது ஆக்கத்தின்போது தெளிவாயிற்று. ஆகவே, குற்றத்தின் பக்கம் விளையாட்டு சாய்ந்ததற்கு அறக்கொள்கை எதுவும் காரணமன்று. இயக்க விடுதலையை நாடிய வடிவமைப்பின் தேவையே காரணம்.

2001இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வெளிவந்த மூன்றாம் பகுதி இத்தேவையை முப்பரிமாண நகரத்திற்குக் கொண்டுசென்றது. ‘லிபர்ட்டி சிட்டி’ நடந்து கடக்க இயலாத அளவு விரிந்தது. அதன் தெருக்களில் வாகனங்கள் இடையறாது ஓடிக்கொண்டிருந்தன. முக்கோணப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால், அருகிலுள்ள வாகனத்தின் கதவு திறக்கும், ஓட்டுநர் வெளியே இழுத்தெறியப்படுவார், வண்டி விளையாடுநருடையதாகும். பயண அட்டை வாங்கிப் பேருந்தில் ஏறுவதற்கு ஆகும் நேரம்கூட இதற்கு ஆவதில்லை. பெயரளவில் இது திருட்டு. பயனளவில் இது பொதுப் போக்குவரத்து.

இதன் அடுத்த நிலை மேலும் கருதத்தக்கது. வாடகைக் காரைக் கவர்ந்தால் பயணிகளை ஏற்றிச் செல்லும் பணியும், அவசர ஊர்தியைக் கவர்ந்தால் நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் பணியும், தீயணைப்பு வண்டியைக் கவர்ந்தால் தீயை அணைக்கும் பணியும் விளையாடுநருக்குக் கிடைக்கின்றன. திருடப்படுவது வண்டி மட்டுமன்று. அவ்வண்டியை ஓட்டியவரின் தொழிலும் உடன் கவரப்படுகிறது. அத்தொழிலுக்குரிய பயிற்சியோ உரிமமோ தேவைப்படுவதில்லை. இருக்கையில் அமர்வதே தகுதியாகிவிடுகிறது.

ஒற்றைப் பொத்தானும் மறைந்துபோன உழைப்பும்

களவு என்னும் செயலுக்கு மூன்று உறுப்புகள் உண்டு: கவர்பவர், கவரப்படும் பொருள், பொருளை இழப்பவர். இவற்றிற்கு அப்பால், இழந்தவர் சார்பாக வினைபுரியும் சட்டம் நிற்கிறது. மூன்றாம் பகுதியின் விதிகளில் முதல் இரண்டு உறுப்புகள் முழுமையாக உள்ளன. மூன்றாம் உறுப்பு சில நொடிகளே உயிர்வாழ்கிறது. இழுத்தெறியப்பட்ட ஓட்டுநர் கத்துவார், சிலர் எதிர்த்துத் தாக்குவர், பலர் ஓடிவிடுவர். விளையாடுநர் அவ்விடத்தை விட்டு நீங்கியதும் அவர் நினைவகத்திலிருந்தே நீக்கப்படுகிறார். 32 மெகாபைட் முதன்மை நினைவகம் கொண்ட கருவியில் ஒரு நகரத்தை இயக்க வேண்டியிருந்ததால், கண்ணுக்கு அப்பாற்பட்டவற்றைக் கைவிடுவது தொழில்நுட்பக் கட்டாயமாக இருந்தது. ஆயினும் அக்கட்டாயத்தின் விளைவு ஒரு பொருளைத் தருகிறது: அவ்வுலகில் இழப்பு என்பது தொடர்ச்சியற்றது. காரை இழந்தவர் வீடு திரும்புவதில்லை, தவணை கட்டுவதில்லை, வழக்குத் தொடுப்பதில்லை.

சட்டத்தின் நிலையும் இதனை ஒத்ததே. திரையின் மூலையில் விண்மீன் குறிகளாகத் தோன்றும் ‘தேடப்படும் நிலை’ காவல்துறையின் சினத்தை அளக்கிறது. வண்ணப்பூச்சுக் கடைக்குள் காரை ஓட்டிச் சென்று கட்டணம் செலுத்தினால் விண்மீன்கள் மறைகின்றன. வண்ணம் மாறியதும் குற்றமே நிகழாததாகிவிடுகிறது. பொருளின் உரிமை யாருடையது என்று இச்சட்டம் கேட்பதில்லை. அமைதி குலைந்ததா என்று மட்டுமே கேட்கிறது. மீட்கப்பட்ட கார் உரியவரிடம் ஒப்படைக்கப்படும் காட்சி விளையாடுநரின் இயக்கத்தில் எங்கும் எழுவதில்லை.

புறவுலக வரலாற்றோடு இதனை ஒப்பிட்டால் ஒரு முரண் புலப்படும். அமெரிக்கா 1992இல் இயற்றிய வாகனத் திருட்டுத் தடுப்புச் சட்டம் ஆயுதமுனையில் வாகனம் பறித்தலைக் கூட்டாட்சிக் குற்றமாக்கியது. பிரித்தானியாவில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் மின்னணு இயக்கத்தடைக் கருவி கட்டாயமாயிற்று. உரிய சாவியின் குறியீடு இல்லாமல் இயந்திரம் உயிர்பெறாது என்ற நிலை உருவானது. தெருவில் கார் திருடுவது கடினமாகத் தொடங்கிய அதே ஆண்டுகளில்தான் திரையில் அது ஒற்றைப் பொத்தானாகச் சுருங்கியது. நடைமுறைத் திருட்டுக்கு வேண்டிய கருவி, நேரம், கைத்திறன், அச்சம் ஆகியவை அனைத்தும் அப்பொத்தானில் கரைந்துபோயின. 2008இல் வந்த நான்காம் பகுதியில் கதைத்தலைவர் நிகோ பெல்லிக் கண்ணாடியை முழங்கையால் உடைத்து, கம்பிகளை இணைத்து இயந்திரத்தைக் கிளப்பும் அசைவுகள் இவ்வுழைப்பின் சாயலை ஓரளவு மீட்டன. எனினும் அவை விளையாடுநர் காத்திருக்கும் சில நொடிகளாகவே நின்றன. அவர் கற்கும் திறனாக ஆகவில்லை.

திறனாகிய களவும் அதிகாரமாகிய களவும்

செக் நாட்டின் இல்யூஷன் சாஃப்ட்வொர்க்ஸ் 2002இல் வெளியிட்ட ‘மாஃபியா’ இதற்கு நேரெதிரான விதிகளை வகுத்தது. 1930களின் கற்பனை நகரமான லாஸ்ட் ஹெவனில் வாடகைக் கார் ஓட்டிய டாமி ஏஞ்சலோ குற்றக் கும்பலில் சேர்கிறார். எல்லாக் கார்களையும் அவரால் திறக்க இயலாது. கும்பலின் கார்ப் பழுதுநீக்குநரான ரால்ஃப் ஒவ்வொரு வகைக் காரின் பூட்டையும் திறக்கும் முறையைப் படிப்படியாகக் கற்றுத்தருகிறார். கற்காத வகையைத் தொட இயலாது. வேக எல்லையைத் தாண்டினாலும் சிவப்பு விளக்கைக் கடந்தாலும் காவலர் நிறுத்தித் தண்டம் விதிப்பர். இங்கு திருட்டு ஒரு கைத்தொழில். அதற்கு ஆசான் உண்டு, படிநிலை உண்டு. திருடிய பின்னும் சாலையின் பொதுவிதிகளுக்குக் கட்டுப்பட்டே ஓட்ட வேண்டும் என்பதால், நகரம் பிறருக்கும் உரியது என்ற உணர்வு இடையறாமல் நிலைபெறுகிறது. 2010இல் வந்த இரண்டாம் பகுதியில் காவல்துறை காரின் எண்பலகையையும் நினைவில் கொள்கிறது. அதனை மாற்றினாலன்றித் தப்ப இயலாது. சட்டத்திற்கு நினைவாற்றல் வழங்கப்பட்டதும் திருட்டின் எடை கூடுவதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

‘எல்.ஏ. நுவார்’ (2011) மற்றொரு கோணத்தைத் திறக்கிறது. 1947இன் லாஸ் ஏஞ்சலீஸில் காவல் அதிகாரியாகப் பணியாற்றும் கோல் ஃபெல்ப்ஸ், தெருவில் செல்லும் பொதுமக்களின் காரைப் பணிநிமித்தம் கையகப்படுத்தலாம். அழுத்தும் பொத்தானும் நிகழும் செயலும் பெரிதும் ஒன்றே. பெயர் மட்டும் வேறு. குற்றவாளி செய்தால் பறிப்பு, காவலர் செய்தால் கையகப்படுத்தல். ஆனால் வழக்கின் முடிவில் தரப்படும் மதிப்பீட்டில் வாகனங்களுக்கும் நகரத்திற்கும் விளைவித்த சேதம் கணக்கிடப்படுகிறது. பிறர் உடைமைக்கு நேர்ந்த கேட்டை விளையாட்டு எண்ணிக் காட்டுகிறது என்பதே இங்கு முதன்மையானது. உடைமையாளரின் பெயர் தெரியாவிடினும் அவருடைய இழப்பு ஏட்டில் ஏறுகிறது.

தவணைக் கடனும் பறிமுதலும்

2013இல் வெளிவந்த ஐந்தாம் பகுதி உடைமை குறித்த இவ்வினாவைக் கதைத் தளத்தில் கூர்மையாக எழுப்பியது. மூன்று தலைமை மாந்தருள் ஒருவரான ஃபிராங்க்ளின் கதைத் தொடக்கத்தில் கார் திருடரல்லர். சிமியோன் என்னும் கார் வணிகருக்காகத் தவணை தவறியோரின் கார்களைப் பறிமுதல் செய்யும் பணியாளர். வேலிதாண்டி வீட்டுக்குள் நுழைந்து காரை எடுத்துவரும் அவரது செயல், வடிவத்தில் களவிலிருந்து வேறுபடுவதில்லை. கடன் ஒப்பந்தம் மட்டுமே அதனைத் தொழிலாக்குகிறது. மைக்கேலின் மகன் வாங்கிய காரை அவ்வாறு எடுத்து ஓட்டிவரும்போது பின்னிருக்கையில் மறைந்திருந்த மைக்கேல் துப்பாக்கியுடன் எழுகிறார். அதே வணிகரின் காட்சிக்கூடக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு காரை உள்ளே செலுத்துமாறு பணிக்கிறார். அனைவரும் எளிதில் மறக்கும் அந்த மூன்றாம் உறுப்பு, அதாவது காரை இழப்பவர் தரப்பு, பின்னிருக்கையிலிருந்து எழுந்து பேசும் அரிய தருணம் இது. இவ்வரிசையின் கதைகளுள் வாகனத் திருட்டைப் பற்றிய நுண்மையான சிந்தனை இக்காட்சியில் அமைந்துள்ளது எனலாம். ஆயினும் பணி முடிந்து விளையாடுநர் தெருவில் இறங்கியதும் விதிகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அடுத்த காரின் பின்னிருக்கையில் எவரும் இல்லை.

காப்பீடு பெற்ற களவு

அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய இணையவழிப் பகுதியான ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன்’ இக்கட்டுரையின் கருதுகோளுக்கு முடிவான சான்றைத் தருகிறது. ஒரே நகரத்தில் பல விளையாடுநர் உலவும்போது காரை இழப்பவர் புனைவு உருவாக இருப்பதில்லை; அவர் திரைக்கு முன் அமர்ந்திருக்கும் மனிதர். உடனே உடைமைக்குரிய நிறுவனங்கள் அனைத்தும் விளையாட்டுக்குள் வருகின்றன. தனிப்பட்ட வாகனத்தைப் பிறர் ஏறாதவாறு பூட்டலாம். இடமறிகருவி பொருத்தலாம். ‘மோர்ஸ் மியூச்சுவல்’ என்னும் கற்பனைக் காப்பீட்டு நிறுவனம் அழிந்த காரை மீட்டளிக்கிறது. பிறர் அதனை ஓட்டிச் சென்றாலும் தம் உடைமையாகக் கொட்டிலில் சேர்க்க இயலாது. தெருவில் கவர்ந்த விலையுயர்ந்த காரைப் பழுதுபார்க்கும் கடையும் ஏற்க மறுக்கிறது. அத்தகைய காரை வேண்டுவோர் விளையாட்டுப் பணம் சேர்த்து வாங்க வேண்டும். அப்பணத்தை மெய்யான பணம் கொடுத்தும் பெறலாம்.

திருட்டைப் பெயராகக் கொண்ட விளையாட்டு, பூட்டும் காப்பீடும் விற்பனைக்கூடமும் நிறைந்த நகரமாக வளர்ந்தது தற்செயலன்று. உடைமை என்றால் என்ன, அதன் இழப்பு எத்தகையது என்பதை வடிவமைப்பாளர் முன்பு அறியாதிருந்தனர் எனக் கொள்ள இடமில்லை. யாருக்கு உடைமையுரிமை வழங்கத் தேவை எழுந்ததோ அவருக்கு அது வழங்கப்பட்டது. இழப்பினால் விளையாட்டை விட்டு நீங்கக்கூடியவர் விளையாடுநர். ஆகவே அவருடைய கார் காக்கப்படுகிறது. கணினி இயக்கும் வழிப்போக்கர் எங்கும் நீங்கிச் செல்ல இயலாதவர். ஆகவே அவருடைய கார் அனைவருக்கும் பொதுவாகிறது.

மறுப்பும் விடையும்

வழிப்போக்கர் உயிரற்ற நிரல் உருவமாதலின் அவருக்கு இழப்பு என ஒன்றில்லை. உயிருள்ள விளையாடுநரின் உடைமையைக் காப்பதே முறை என்று இதற்கு மறுப்புரைக்கலாம். அம்மறுப்பு ஓரளவு ஏற்கத்தக்கதே. நிரல் உருவத்திற்குத் தீங்கிழைத்தல் அறப்பிழையன்று. ஆனால் திறந்த உலக விளையாட்டு தன்னை ஒரு நகரத்தின் உருவகமாக முன்வைக்கிறது. அவ்வுருவகத்தில் வழிப்போக்கர் நகர மக்களின் இடத்தில் நிற்கிறார். சதுரங்கக் காய் வெட்டப்படுவதற்கும், சம்பளத்திற்கு வாடகைக் கார் ஓட்டுபவராகக் காட்டப்படும் ஒருவர் தெருவில் எறியப்படுவதற்கும் இவ்வகையில் வேறுபாடுண்டு. மேலும், இழப்பைக் கணக்கிடுவது விளையாட்டின் சுவையைக் கெடுக்கும் என்பதும் பொருந்தாது. ‘மாஃபியா’வும் ‘எல்.ஏ. நுவார்’உம் அதனை வெவ்வேறு அளவில் செய்துகாட்டியுள்ளன.

முடிவுரை

வாகனத் திருட்டு இவ்விளையாட்டுகளில் இயக்க விடுதலைக்கான வழியாகத் தோன்றிப் போக்குவரத்தாக நிலைபெற்றது. உடைமையாளரும் நினைவாற்றல் உள்ள சட்டமும் நீக்கப்பட்டதால் அது களவு என்னும் பெயரை மட்டுமே தாங்கியது. சட்டத்திற்கு நினைவாற்றலும் இழப்பிற்குக் கணக்கும் தரப்பட்ட இடங்களில் அதே செயல் எடையும் பொருளும் பெற்றது. விளையாடுநரே உடைமையாளரானபோது, அதுவரை இல்லாதிருந்த பூட்டுகள் அனைத்தும் பொருத்தப்பட்டன. எனவே இவ்விளையாட்டுகளின் அறத்தை மதிப்பிடுவோர் திருடுபவரின் கையை மட்டும் நோக்குதல் போதாது. எந்தக் கதவில் பூட்டு உள்ளது, எந்தக் கதவில் இல்லை என்பதையும் நோக்குதல் வேண்டும்.