ஹெரால்டா, கெஸலா?

விடியற்காலை ஐந்தரை மணி. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் நண்பரின் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஒரே ஒடிப்பில் திருப்பினேன். இருபுறமும் பைக்குகள், வாசலில் ஈரம் காயாத கோலம். எதையும் தொடாமல் வண்டி சுழன்று வந்தது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் கார் இது. இன்றைய சின்னக் கார்கள் பலவும்கூட இதற்கு ஈடு கொடுக்காது.

1959-ல் பிரிட்டனில் டிரயம்ஃப் ஹெரால்டாகப் பிறந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் இதைத் தயாரித்தது. இதே ஹெரால்டின் உறுப்புகளைக் கொண்டுதான் 1962-ல் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஸ்பிட்ஃபயரின் துள்ளலையும் வம்பையும் நம் ஊரில் அனுபவிக்க ஹெரால்டே போதும்.

வம்பு பின்சக்கரத்தில் இருக்கிறது. டிஃபரென்ஷியல் நடுவில் அசையாமல் நிற்க, இரு அரை ஆக்சில்களும் பறவையின் இறக்கைபோல ஏறி இறங்கும். முக்கொம்பு போகும் சாலை வளைவில் கொஞ்சம் வேகமாக நுழைந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டேன். வண்டியின் வால் லேசாக எழும்பியது. வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்க, பின்பகுதி தள்ளியது. பயம்தான். அடுத்த வளைவில் காலை எடுக்காமல் பிடித்தபோது என்ன அழகாக வளைந்தது!

ஹெரால்டை வைத்து அதே ஸ்டாண்டர்டு நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த கெஸல் காரில் இந்த இறக்கை கிடையாது. நம் மெக்கானிக்குகளுக்கும் வாங்குபவர்கள் சிலருக்கும் அது பிடிக்கவில்லை என்பதால், சென்னைப் பொறியாளர்கள் ஒரே கட்டையான ஆக்சிலைப் பொருத்தினார்கள். நான்கு கதவு, எஞ்சின் அதே 948 சிசி. அதே வளைவில் கெஸல் சொன்ன பேச்சைக் கேட்டது. காவிரிப் பாலத்தின் இணைப்புகளில் மட்டும் பின்சீட்டு ‘திம் திம்’ என்று குதித்தது. ஹெரால்டு அவற்றை மெத்தென்று கடந்திருந்தது.

பராமரிக்க ஹெரால்டு ஒரு வரம். பானெட்டும் முன் மட்கார்டுகளும் மொத்தமாக முன்பக்கம் கவிழும். டயர்மேல் உட்கார்ந்தே கார்புரேட்டரைக் கழற்றலாம். ஆனால் முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியனுக்கு கிரீஸ் வைக்கவே வைக்காதீர்கள். அதற்குக் கியர் ஆயில்தான். எண்ணெய் போய்ச் சேராத திருகு துருப்பிடித்து, ஒருநாள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உடையும், சக்கரம் சாய்ந்துவிடும்.

ஓட்டும் சுகத்துக்கு ஹெரால்டு. ஆனால் சேகரிப்பவர் என்னைக் கேட்டால் கெஸலை வாங்குங்கள் என்பேன். ஹெரால்டைக் காப்பாற்ற உலகெங்கும் டிரயம்ஃப் பிரியர்கள் இருக்கிறார்கள், இங்கிலாந்திலிருந்து உதிரி வரும். 1977-லேயே நின்றுபோன கெஸலுக்கு நம்மை விட்டால் யாரும் இல்லை. பார்க்கப் போகும்போது எஞ்சினைப் பிறகு பாருங்கள், அதைச் செப்பனிட்டுக்கொள்ளலாம். முதலில் முன் கிரில், விளக்கு வளையம், பெயர்ப்பட்டை மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.