அள்ளவும் ஊற்றவும் தெரிந்த விமானம்

ஆளோ பொதியோ, ஓரிடத்தில் ஏற்றியதை மற்றோரிடத்தில் பக்குவமாக இறக்குவதே விமானங்களின் வேலை. காட்டுத்தீயை அணைக்கப் போகும் விமானம் மட்டும் தன் சுமையைப் பறந்தபடியே கொட்டிவிட்டு, அடுத்த சுமைக்குத் திரும்பி ஓடுகிறது. கொட்டுவது பெரிய காரியமில்லை. கொட்ட வேண்டிய இடத்தில், கொட்ட வேண்டிய உயரத்தில், கொட்ட வேண்டிய கணத்தில் கொட்டுவதுதான் கலை. அந்தக் கலைக்காகவே மனிதர் செய்த ஒரு வாளியும் ஒரு விமானமும் இருக்கின்றன. இரண்டும் நின்று ரசிக்கத் தக்கவை.

முதலில் வாளி. 2024 மார்ச்சில் குன்னூர் வனச்சரகத்தில் தீ பரவியபோது இந்திய விமானப் படையின் எம்ஐ-17 வி5 ஹெலிகொப்டர் வந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே தொங்கியது பாம்பி வாளி. பல தடவை பறந்து 16,000 லீற்றருக்கு மேல் தண்ணீர் ஊற்றியதாக விமானப் படை அறிவித்தது. அடுத்த மாதம் நைனிதால் காடுகள் எரிந்தபோது இதே வகை ஹெலிகொப்டர் பீம்தால் ஏரியில் முகந்து போய் ஊற்றியது.

கனடாக்காரரான டொன் ஆர்னி 1980களில் உருவாக்கிய இந்த வாளி துணியாலானது. வேலை முடிந்ததும் மடித்து ஹெலிகொப்டருக்குள்ளேயே வைத்துவிடலாம். அதன் நயம் விளிம்பில் இருக்கிறது. துலாவில் இறைத்தவர்களுக்குத் தெரியும்: வாளி தண்ணீரில் பட்டவுடன் முகந்துவிடாது, மிதந்து கொண்டு நிற்கும். துலாக்கொடியை ஒரு சுண்டு சுண்டினால்தான் சரிந்து முகக்கும். பாம்பி வாளியில் அந்தச் சுண்டலைச் செய்ய ஆளில்லை. ஆகவே விளிம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எடை வைத்துத் தைத்திருக்கிறார்கள். நீரைத் தொட்டதும் அந்தப் பக்கம் தானாகச் சரிகிறது, வாளி நிறைகிறது, விமானி மெல்ல மேலே எழுப்புகிறார். ஊற்றும் வழி அடியில் இருக்கிறது. உள்ளே இழுத்துக் கட்டிய துணிக்குழாய் ஒன்றுதான் அடைப்பு. விமானி பொத்தானை அழுத்த, கட்டு விடுபட, நீரின் பாரமே குழாயை வெளியே தள்ளித் திறந்துவிடுகிறது. நிறைவதற்கு விளிம்பின் எடையும், வெறுமையாவதற்குத் தண்ணீரின் எடையுமே அந்த வாளிக்குப் போதும். இயந்திரம் என்று சொல்ல அதில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

இலங்கை விமானப் படையிடமும் இந்த வாளி இருக்கிறது. எல்லப் பகுதி மலைகளில் தீப்பிடித்தபோது பெல் 212 ஹெலிகொப்டர்கள் அதைத் தூக்கிச் சென்றன. 2020 செப்டெம்பர் 3 அன்று சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் ‘நியூ டயமண்ட்’ எண்ணெய்க் கப்பல் எரிந்தபோதும் விமானப் படை ஹெலிகொப்டர்கள் கடலுக்குமேல் போய்த் தண்ணீர் ஊற்றின. யாழ்ப்பாணம் பெல் 212-ஐ அறிந்தது வேறு விதமாக. எண்பதுகளின் போர்க்காலத்தில் ஹெலிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கிய தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. அந்தத் தலைமுறைக்கு, அதே சத்தத்தின் கீழே ஒரு வாளி தண்ணீர் தொங்குவதைப் பார்ப்பது சாதாரண விடயமில்லை. வானத்திலிருந்து விழுவது உயிர்காக்கவும் கூடும் என்று நம்புவதற்கு எங்களுக்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும். இந்த ரசனையை ஒரு யாழ்ப்பாணத்தவர் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி விமானம். கனடாவில் உறவு இல்லாத யாழ்ப்பாணக் குடும்பம் அரிது. 2023 ஜூனில் ரொறன்ரோ வானத்தைப் புகை மூடியபோது, “அங்கை மூச்சு விடேலுமே பிள்ளை?” என்று இங்கிருந்து எத்தனையோ அம்மாக்கள் தொலைபேசியில் கேட்டார்கள். அந்த ஆண்டு கனடாவில் எரிந்த காடு 1.5 கோடி ஹெக்டயருக்கு மேல். அந்தத் தீயோடு மல்லுக்கட்டிய விமானங்களில் முதன்மையானது மொன்றியலின் கனடேர் நிறுவனத்தில் பிறந்த மஞ்சள் சிவப்பு விமானம். முதல் வடிவமான சிஎல்-215 பறந்தது 1967 ஒக்டோபர் 23 அன்று. அதன் தம்பி சிஎல்-415 பறந்தது 1993 டிசெம்பரில். அங்குள்ளவர்கள் வாட்டர் பொம்பர் என்கிறார்கள்.

அது தண்ணீர் அள்ளும் விதத்தைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். விமானம் ஏரியில் இறங்கி நிற்பதில்லை. மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர் வேகத்தில் நீரின் மேற்பரப்பை உரசியபடி ஓடுகிறது. அடிவயிற்றிலிருந்து கையகலமான இரண்டு வாய்கள் கீழே நீள்கின்றன. பம்பி எதுவும் கிடையாது. ஓடும் வேகமே நீரை உந்தித் தொட்டிக்குள் ஏற்றிவிடுகிறது. 12 விநாடியில் 6,137 லீற்றர். விநாடிக்கு அரைத்தொன் எடை கூடிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். எடை கூடக்கூட விமானம் நீரில் அமிழப் பார்க்கும், வேகம் விழப் பார்க்கும். விமானி அதற்கு ஈடாக எஞ்சின் விசையைக் கூட்டிக்கொண்டே போகிறார். அந்த 12 விநாடியும் அவர் கை ஓய்வதில்லை.

உடலமைப்பிலும் காரணமில்லாத கோடு ஒன்றில்லை. சிறகை உடலின் உச்சியில் வைத்து, எஞ்சின்களைச் சிறகோடு உயர்த்தியிருக்கிறார்கள். எழும் நீர்த்திவலை சுழலிகளைத் தொடக்கூடாது. அடிப்பகுதி படகைப் போலக் கூர்ந்து, நடுவில் ஒரு படி வைத்து வெட்டப்பட்டிருக்கிறது. அந்தப் படியில்தான் நீர் விமானத்தை விட்டுப் பிரிகிறது. படி இல்லாவிட்டால் நீர் பிடித்த பிடியை விடாது. அள்ளுவதற்கு ஏறத்தாழ இரண்டு மீற்றர் ஆழம் வேண்டும். எங்கள் யாழ்ப்பாணக் கடனீரேரியின் பல இடங்களில் அந்த ஆழமும் கிடையாது. சோளகக் காற்றில் பனங்கூடலின் காவோலை பற்றிக்கொண்டால் இப்படியொரு விமானம் அந்த இடங்களில் இறங்கி அள்ள வழியில்லை.

அள்ளியது ஊற்றப்படும் கணம் அதைவிட நுட்பமானது. தீயை நெருங்கும்போது விமானம் விநாடிக்கு ஐம்பது மீற்றருக்கு மேல் நகர்கிறது. அரை விநாடி பிந்தினால் தண்ணீர் பற்றியெரியும் மரத்தைத் தாண்டிப் பச்சை மரத்தில் விழும். கதவு திறந்த பிறகும் நீர் விமானத்தின் வேகத்தோடு முன்னே பாயும் என்பதால் இலக்கு வருமுன்னரே திறக்க வேண்டும். எவ்வளவு முன்னர் என்பதைக் காற்று தீர்மானிக்கும். மிகத் தாழப் பறந்து கொட்டினால் ஆறு தொன் நீர் மரத்தை முறிக்கும், கீழே நிற்கும் ஆளையும் அடித்துப்போடும். உயர நின்று கொட்டினால் காற்றில் சிதறி, வெக்கையில் ஆவியாகிவிடும். சிஎல்-415-இன் நான்கு கதவுகளையும் ஒன்றாகத் திறந்தால் ஓரிடத்தில் பலத்த அடி. ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தால் நீண்ட ஈரக்கோடு. சுமை போன மறுகணம் விமானம் மேலே துள்ளும்; அந்தத் துள்ளலையும் விமானி முன்கூட்டியே கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சில விமானங்கள் ஊற்றும் சிவப்புக் கரைசலுக்கு வேறு வேலை. அது பொதுவாக எரியும் தீயின்மேல் விழுவதில்லை. தீ வரப்போகும் வழியில் வேலியாகப் போடப்படுகிறது. அதில் நீர் போக மீதியில் பெரும்பங்கு பொஸ்பேற்று உப்பு, எங்கள் வெங்காயத் தோட்டக்காரர்களுக்கு உரமாகப் பழக்கமான இனம். சிவப்பு நிறம், முந்திய விமானம் எங்கே கோட்டை நிறுத்தியது என்று பின்னால் வருபவர் கண்டுகொள்வதற்காக.

இத்தனை அழகுக்கும் விலை உண்டு. 2023 ஜூலை 25 அன்று கிரேக்கத்தின் எவியா தீவில் ஒரு சிஎல்-215 தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்புகையில் சிறகு மரத்தில் பட்டு வீழ்ந்தது. இரு விமானிகளும் மாண்டார்கள். 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் எரிந்தபோது கியூபெக்கிலிருந்து போன சிஎல்-415-கள் பசிபிக் கடலிலேயே அள்ளின. உப்புக்காற்று தகரத்தை என்ன செய்யும் என்பது கடலோரத்தில் வாழும் நமக்குத் தெரியும். அந்த விமானங்களையும் கடல்நீர் வேலை முடிந்ததும் நன்னீரால் கழுவியாக வேண்டும். அவற்றில் ஒன்று, வேடிக்கை பார்க்க யாரோ பறக்கவிட்ட ட்ரோன் மோதிச் சிறகில் ஓட்டை விழுந்து தரையில் முடங்கியது. வீடுகள் எரிந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு விமானம் குறைந்தது.

விமானம் மட்டும் காட்டுத்தீயை அணைத்துவிடுவதில்லை. அது தீயின் வேகத்தை முறித்து, தரையில் நிற்பவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறது. குன்னூரிலும் கடைசிக் கங்கு வரை தேடி அணைப்பது வனத்துறை ஊழியரின் வேலைதான். தன் பங்கு எவ்வளவு என்று அறிந்து, அந்த அளவை ஒரு விநாடியும் பிசகாமல் செய்து கொடுப்பதே இந்த விமானத்தின் பெருமை.

அடுத்த தடவை இந்தக் காட்சி காணொளியில் வந்தால் தண்ணீர் விழுவதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பத்து விநாடி பின்னே ஓடவிட்டுப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது, விமானி எந்தப் பக்கத்தால் வருகிறார், இலக்குக்கு எவ்வளவு முன்னர் கதவு திறக்கிறது என்று கவனியுங்கள். அந்த மனிதர்களின் திறமை முழுவதும் அந்தப் பத்து விநாடியில் இருக்கிறது.