விதி வகுப்போர் யார்?

பழவேற்காட்டு ஏரியில் இறாலுக்கு வலையிடும் முறைவைப்புக்குப் ‘பாடு’ என்று பெயர். எவ்விடத்தில் எவர் முறை என்பதை மீனவக் குப்பத்தார் கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வர். விதிக்குக் கட்டுப்படுவோரே அதனை வகுக்கின்றனர்; அது அதன் சிறப்பு. பாட்டுரிமை இல்லாதோர்க்கு அவையிலும் இடமில்லை. அது அதன் குறை.

இவ்வுரைகல்லில் கால்பந்தாட்டத்தையும் உரைத்துப் பார்க்கலாம். அதன் சட்டங்களை வகுப்பது 1886-இல் தோன்றிய சர்வதேச வாரியம். வாக்குகள் எட்டு: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, இருநூறுக்கு மேற்பட்ட சங்கங்களைக் கொண்ட ஃபிஃபாவுக்கு நான்கு. திருத்தத்துக்கு ஆறு வாக்குகள் வேண்டும்.

முக்காட்டுக்கு இடமில்லையென 2007-இல் இவ்வாரியம் கூறிற்று. 2011-இல் அம்மானில், ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில் ஈரானிய மகளிர் ஆட இயலாது போயிற்று. முக்காட்டால் காயம் விளைந்ததற்கு மருத்துவச் சான்று இல்லை. 2012-இல் தற்காலிக அனுமதியும் 2014-இல் முழு அனுமதியும் கிடைத்தன.

ஏழாண்டுகள்! ஓர் ஆட்டக்காரியின் இளமையில் அது சிறு பொழுதன்று. தடை நீங்கியது நன்றே, வாக்குமுறையோ மாறவில்லை. கட்டுப்படுவோர்க்கு அவையில் இடமில்லாதவரை, நீதியும் பிறர் இடும் சலுகையே அன்றோ?