ஏழு நாள் விவாதமும் ஒற்றை ஆள் முடிவும்

2005 மே மாதத்தில், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சைகன்தாலரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் யாரோ ஒரு கட்டுரையை ஏற்றினார். ஜான் கென்னடி, ராபர்ட் கென்னடி இருவரின் கொலைகளிலும் அவருக்குத் தொடர்பு இருந்ததாக ஒரு காலத்தில் சந்தேகம் நிலவியது என்று அதில் எழுதியிருந்தது. அப்பட்டமான பொய். ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராகப் பணியாற்றியவர் சைகன்தாலர். அந்தப் பொய் ஏறக்குறைய நான்கு மாதம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அதே ஆண்டு, இல்லாத ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடித் தெய்வத்துக்கும் அங்கே ஒரு பக்கம் முளைத்தது. அது நீக்கப்பட்டபோது 2015 ஆகியிருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிட்ட இடத்தில் நீக்குவதற்கும் ஆள் வேண்டும் என்பதை இந்த இரண்டு பக்கங்களே சொல்லிவிடுகின்றன. நீக்கலாமா என்பதைவிட, எப்படி நீக்குகிறார்கள் என்பதே ஆராய வேண்டிய கேள்வி.

விக்கிப்பீடியாவின் நீக்கல் முறையில் மெச்சத்தக்க ஓர் அம்சம் உண்டு. ஒரு கட்டுரை தேவையில்லை என்று கருதும் பயனர் அதை நீக்கல் விவாதத்துக்குக் கொண்டுவருகிறார். விவாதம் பொதுவாக ஏழு நாள் நடக்கிறது. கட்டுரையை எழுதியவர் உட்பட யாரும் வந்து வாதிடலாம். ஏழு நாள் கழித்து, விவாதத்தில் கலந்துகொள்ளாத ஒருவர், பெரும்பாலும் நீக்கும் அதிகாரமுள்ள ஒரு நிருவாகி, முடிவை எழுதுகிறார். அங்கே தலைகளை எண்ணுவதில்லை. எந்த வாதத்துக்குச் சான்று இருக்கிறது என்றே பார்க்க வேண்டும். முடிவு தவறென்று தோன்றினால் மேல்முறையீட்டுக்கும் வழியுண்டு. கட்டுரை போன பிறகும் விவாதம் அழிவதில்லை. யார் என்ன சொன்னார், யார் நீக்கினார், எதற்காக என்பது பல ஆண்டுகள் கழித்துப் பார்ப்பவருக்கும் கிடைக்கும். எழுதியவருக்கே தகவல் சொல்லாமல் பதிவுகள் காணாமல் போகும் பல சமூக ஊடகத் தளங்களோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு பெரிய நாகரிகம் என்பது விளங்கும்.

இந்த வெளிப்படைத்தன்மை ஓர் அரசுத் துறையையே திணறடித்திருக்கிறது. 2013இல், ராணுவ வானொலி நிலையம் ஒன்றைப் பற்றிய கட்டுரையை நீக்கும்படி பிரெஞ்சு உளவுத்துறை கேட்டது. எந்த வரி ரகசியம் என்று சொல்லுங்கள் என்றது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம். அதைச் சொல்ல உளவுத்துறை மறுத்துவிட்டது. பிறகு, பிரெஞ்சு விக்கிப்பீடியாவின் தன்னார்வ நிருவாகி ஒருவரை அலுவலகத்துக்கு அழைத்து மிரட்டி, அவர் கையாலேயே கட்டுரையை நீக்கவைத்தார்கள். ஆனால் நீக்கியதும், நீக்கிய காரணமும் எல்லோர் பார்வையிலும் இருந்தன. சுவிட்சர்லாந்திலிருந்த இன்னொரு நிருவாகி அதை மீட்டெடுத்தார். அதுவரை சீந்துவாரற்றுக் கிடந்த அந்தப் பக்கம், பிரெஞ்சு விக்கிப்பீடியாவிலேயே அதிகம் பேர் பார்த்த பக்கமாக மாறியது.

நமக்குப் பக்கத்திலும் இப்படிப்பட்ட அழுத்தம் வந்தது. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் விக்கிமீடியா மீது தொடுத்த வழக்கைப் பற்றிய பக்கம், டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 அக்டோபரில் முடக்கப்பட்டது. அந்த உத்தரவை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆக, வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்கு இந்த முறை ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. அதன் பலவீனம் உள்ளே இருக்கிறது. விவாத மேடை வரை வராமலே நின்றுபோகும் கட்டுரைகளைத்தான் சொல்ல வேண்டும்.

டோனா ஸ்டிரிக்லாந்து கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து இயற்பியலாளர். அவரைப் பற்றிய வரைவு ஒன்று, கட்டுரையாக வெளியாகும் முன், 2018இல் சரிபார்ப்புக்கு வந்தது. தந்திருக்கும் சான்றுகள் போதாது என்று சொல்லி மே மாதத்தில் ஒரு சரிபார்ப்பாளர் அதைத் திருப்பியனுப்பினார். அக்டோபர் 2 அன்று ஸ்டிரிக்லாந்துக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இயற்பியலில் அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெரார் மூருவுக்கு ஏற்கெனவே பக்கம் இருந்தது. கண்டனம் எழுந்ததும் பலர் விதியைக் குறை சொன்னார்கள். விதியைப் படித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பெரிய அறிவியல் சங்கம் ஒன்றின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கல்வியாளருக்கான தகுதியைப் பெறுகிறார் என்கிறது விக்கிப்பீடியாவின் வழிகாட்டல். ஸ்டிரிக்லாந்து 2013இலேயே அமெரிக்க ஒளியியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர். விதி அவரை உள்ளே விட்டிருக்கும். கூடுதல் சான்றை ஒரு நிமிடம் வெளியே தேடிப் பார்க்க யாரும் முன்வரவில்லை.

இதோடு கிளாரிஸ் ஃபெல்ப்ஸின் கதையை வைத்துப் பார்க்க வேண்டும். 117ஆம் தனிமமான டென்னிசீனைக் கண்டுபிடிக்கத் தேவையான பெர்கீலியத்தைத் தூய்மைப்படுத்திய ஓக் ரிட்ஜ் குழுவில் இருந்த கறுப்பினப் பெண் விஞ்ஞானி அவர். அவரைப் பற்றிய கட்டுரை 2019 பிப்ரவரியில், முறையான விவாதத்துக்குப் பின்னரே நீக்கப்பட்டது. அவரைப் பற்றித் தனித்து எழுதிய நம்பகமான வெளியீடுகள் குறைவு என்பது வாதம். அந்த முடிவு கசப்பானதுதான். ஆனால் வாதம் கண்ணெதிரே இருந்ததால் அதை மறுத்துப் பலரும் எழுத முடிந்தது, மேல்முறையீடுகள் நடந்தன, புதிய சான்றுகள் சேர்ந்தன, 2020 தொடக்கத்தில் கட்டுரை திரும்பி வந்தது. வெளிச்சத்தில் நடந்த தவறைத் திருத்த முடிந்தது. ஸ்டிரிக்லாந்தின் வரைவையோ நோபல் குழு வந்துதான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

விரைவு நீக்கமும் இப்படி விவாத மேடைக்கு வராமல் நடப்பதுதான். விசமத் தொகுப்பு, பதிப்புரிமை மீறல், அவதூறு போன்றவற்றை நிருவாகி விவாதமின்றி உடனே நீக்கலாம். இது இல்லாமல் சைகன்தாலர் போன்றவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. அதே அதிகாரம், முக்கியத்துவம் தெரியவில்லை என்ற காரணத்துக்கும் நீள்வதில்தான் சிக்கல். 2007இல் விக்கிப்பீடியாவின் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ், கேப் டவுன் அருகே உள்ள ஓர் இறைச்சிக் கடை உணவகத்தைப் பற்றி ஒரு வரிக் கட்டுரை தொடங்கினார். சற்று நேரத்திலேயே அது நீக்கப்பட்டது. நிறுவனர் எழுதியது என்பதால் சர்ச்சை எழுந்து கட்டுரை மீண்டது. முதன்முதலாக எழுதவரும் ஒரு மாணவிக்கு அப்படி யார் குரல் கொடுப்பார்கள்? அவர் எழுதியது பொதுப் பார்வையிலிருந்து போய்விடும்; நிருவாகிகளால் மட்டுமே அதைப் படிக்க முடியும். பெரும்பாலும் அவர் திரும்பி வருவதில்லை.

ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. ஒரு தெருக்கூத்துக் கலைஞரைப் பற்றியோ, சிற்றிதழ் நடத்தியவரைப் பற்றியோ இணையத்தில் தேடினால் நாலு வரிகூடக் கிடைக்காமல் போகலாம். சான்று இல்லை என்று அதற்குப் பொருளில்லை. அது ரோஜா முத்தையா நூலகத்திலோ கன்னிமாரா நூலகத்திலோ பழைய இதழ்களின் கட்டுகளுக்குள் இருக்கக்கூடும். அச்சுச் சான்றை விக்கிப்பீடியாவின் விதி தாராளமாக ஏற்றுக்கொள்கிறது. கணினித் திரையில் தேடி முடிப்பவரின் பழக்கம்தான் அதை ஏற்பதில்லை.

நீக்கக் கோருபவர் முதலில் தேடிப் பார்க்க வேண்டும் என்று ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டல் ஏற்கெனவே சொல்கிறது. அதை அறிவுரையாக விட்டுவைக்காமல், நீக்கல் வேண்டுகோளிலும் வரைவைத் திருப்பியனுப்பும் குறிப்பிலும் எங்கெங்கே தேடினேன் என்ற ஒரு வரியைக் கட்டாயமாக்கலாம். முக்கியத்துவம் தெரியவில்லை என்ற காரணத்தை விரைவு நீக்கத்திலிருந்து எடுத்துவிட்டு ஏழு நாள் விவாதத்துக்கு அனுப்பலாம். நிருவாகிகளின் வேலைச்சுமை நிச்சயம் கூடும். எனினும் அவதூறும் திருட்டும் அல்லாத கட்டுரைகள் ஏழு நாள் காத்திருப்பதால் யாருக்கும் கேடு வந்துவிடாது.