கணக்கில் வராத பாக்கெட்டுகள்

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில், நம்பர் ஒன் டோல்கேட்டைத் தாண்டி மண்ணச்சநல்லூரை நெருங்கும்போதே தவிட்டு வாசம் வந்துவிடும். அங்குள்ள அரிசி ஆலைகளில் சார்டெக்ஸ் இயந்திரம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். சரிவான தடத்தில் அரிசி வழிந்து வருகிறது. கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கிறது. கறுத்த மணி தென்பட்டதும் காற்றுக்குழல் அதை மட்டும் ஊதித் தள்ளிவிடுகிறது. வரத்தைக் கூட்டினால் மணிகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு விழும், கறுப்பு தப்பிவிடும். கேமராவின் கூர்மையைக் கூட்டினால் நல்ல அரிசியும் கழிவில் சேரும். எப்படியானாலும் இயந்திரம் நிற்பதில்லை, மூட்டை நிறைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கழிவுப் பெட்டியை மட்டும் பார்ப்பதில்லை. நல்ல அரிசி விழும் பக்கத்திலும் ஒரு கை அள்ளி, விரித்துப் பார்க்கிறார்கள்.

நெட்வொர்க்கில் ஊடுருவலைக் கண்டறியும் ஐடிஎஸ் அமைப்புகளைப் பராமரிப்பவர்களிடம் எனக்குள்ள குறை, அந்த ஒரு கை அரிசியை அவர்கள் அள்ளிப் பார்ப்பதில்லை என்பதுதான்.

1998இல் மார்ட்டின் ரோஷ் எழுதிய ஸ்நார்ட், பத்தாண்டுக்குப் பின் வந்த சூரிகாட்டா இரண்டும் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஸ்விட்ச் தன் வழியாகப் போகும் போக்குவரத்தின் நகலை மிரர் போர்ட்டில் அனுப்பும். ஐடிஎஸ் அதை வாங்கி, சிதறிய பாக்கெட்டுகளை உரையாடலாகக் கோத்து, ஆயிரக்கணக்கான ரூல்களோடு ஒப்பிடும். 10 கிகாபிட் இணைப்பு மிகச் சிறிய பாக்கெட்டுகளால் நிரம்பினால் நொடிக்கு 1.488 கோடி பாக்கெட்டுகள் வரும். ஒன்றைப் பார்க்கக் கிடைப்பது சுமார் 67 நானோ நொடி. முடியாதபோது இயந்திரம் பாக்கெட்டை விட்டுவிடுகிறது. உடனே "டிராப் ஆகுது" என்று புகார் வருகிறது.

வழக்கமான வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். பஃபரைப் பெரிதாக்குவது, ரூல்களைக் குறைப்பது, வீடியோ, பேக்கப் போன்ற பெரிய ஓட்டங்களைப் பார்க்காமல் விடுவது, கடைசியில் கூடுதல் கோர்கள் உள்ள சர்வர் வாங்குவது. டிராப் எண்ணிக்கை பூச்சியத்துக்கு வந்ததும் வேலை முடிந்ததாகக் கையெழுத்தாகிவிடும்.

இந்த வைத்தியத்தில் நியாயம் நிறையவே இருக்கிறது. ஆரக்கிள் டேட்டாபேஸே இல்லாத வளாகத்தில் ஆரக்கிளுக்கான ரூல்களை ஓட்டுவது வீண். பெரிய ஓட்டங்களை விடுவதையும் நான் ஆதரிக்கிறேன். ஓர் உதாரணம் சொல்கிறேன். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினியில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. ஆய்வாளர்கள் அதை டிட்ராக் என்று அடையாளம் கண்டார்கள். விசை அழுத்தங்கள், உலாவிய பக்கங்கள், கோப்புப் பட்டியல் ஆகியவற்றைச் சேகரிக்கும் உளவு நிரல் அது. அத்தகைய நிரலுக்குப் பெரிய பாதை தேவையில்லை. சின்னச் சின்ன உரையாடல்களே போதும். வீடியோவும் பேக்கப்பும் இயந்திரத்தின் கவனத்தை விழுங்கினால் நசுங்குவது இந்தச் சிறு பேச்சுகள்தான். பெரியதை விட்டுச் சிறியதைக் காப்பது அந்த வகையில் சரியான தேர்வு.

ஆனால் அந்தத் தேர்வுக்கு ஒரு விலை உண்டு. சூரிகாட்டா இயல்பாக ஓர் இணைப்பின் முதல் 1 மெகாபைட்டைத்தான் கோத்துப் பார்க்கும். பெரிய கோப்பின் வால் பகுதியில் வருவது அதன் கண்ணில் படாது. அந்த எல்லையை அப்படியே விட்டது அல்லது மாற்றியது யார், எதற்காக என்று பல இடங்களில் ஒரு வரிகூட எழுதி வைப்பதில்லை. ஆறு மாதம் கழித்து வேறொருவர் பொறுப்புக்கு வரும்போது, அது முடிவாக இருந்தது மறந்து, இயல்பு என்றாகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய குறை, டிராப் எண்ணிக்கையின் அந்தப் பூச்சியத்தை நம்புவது. ஐடிஎஸ் காட்டும் டிராப் என்பது அதன் நெட்வொர்க் அட்டையைத் தாண்டி உள்ளே வந்த பிறகு இழந்தவை மட்டுமே. 1 கிகாபிட் இணைப்பு இரு திசையிலும் நிரம்பினால் நகல் 2 கிகாபிட். அதை 1 கிகாபிட் மிரர் போர்ட்டில் அனுப்பச் சொன்னால் பாதி ஸ்விட்ச்சிலேயே கொட்டிப்போகும். ஐடிஎஸ் திரையில் அப்போதும் பூச்சியம்தான். இதைக் காட்டிக்கொடுப்பது வேறொரு எண்: உரையாடலைக் கோக்கும்போது நடுவில் துண்டு காணாமல் போனதைச் சொல்லும் ரீஅசெம்ப்ளி கேப். டிராப் பூச்சியமாக இருந்து இந்த இடைவெளி ஏறினால், முதலில் ஸ்விட்ச்சைப் பார்க்க வேண்டும். சர்வருக்கு விலைப்புள்ளி கேட்கும் முன் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பல லட்சம் மிஞ்சும்.

கூடுதல் கோர்கள் வாங்குவதிலும் இதே அவசரம்தான். ஓர் இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே கோருக்குத்தான் போகும். இரவு பேக்கப் ஒன்று அந்தக் கோரைத் திணறடிக்கும்போது மற்றவை சும்மா கிடக்கும். எட்டுக்குப் பதில் பதினாறு வாங்கினாலும் திணறுவது அந்த ஒன்றுதான். கோர்வாரியாகச் சுமையைப் பார்க்காமல் மொத்தச் சராசரியைப் பார்ப்பவருக்கு இது தெரியாது. நெட்வொர்க் அட்டை பல பாக்கெட்டுகளை ஒட்டி ஒன்றாக்கித் தரும் வசதியும் அப்படித்தான்: சாதாரண சர்வருக்கு வேகம் தருகிறது, ஐடிஎஸ்ஸுக்கோ அளவு மீறிய பாக்கெட் அறுபட்டு வருகிறது. அதை அணைக்கக் காசு செலவில்லை.

நெரிசலை இயற்கைச் சீற்றம் போல எண்ணுவதும் தவறு. 1998இலேயே டாஸெக்கும் நியூஷமும் தங்கள் ஆய்வில் இதைச் சொல்லிவிட்டார்கள்: ஓரமாக நின்று நகலைப் பார்க்கும் ஐடிஎஸ் திணறினாலும் போக்குவரத்து நிற்காது, ஆகவே திணறடிப்பதே ஒரு தாக்குதல். உச்சநேர டிராப்பைச் செயல்திறன் பிரச்சினையாக மட்டும் பதிவு செய்யும் அலுவலகம் அதைப் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்வதேயில்லை.

கூடங்குளத்துச் செய்தி மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னிடமிருந்து 2019 செப்டம்பர் 4 அன்று வந்தது. அதே அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கடுமையான விதி, நல்ல விதியும்கூட. ஆனால் அந்தக் கடிகாரம் தெரிந்த நொடியில்தான் ஓடத் தொடங்கும். விட்டுப்போன பாக்கெட் எந்தப் பதிவிலும் இல்லை, எந்தக் கடிகாரத்தையும் தொடங்குவதில்லை.

ஆகவே எனக்கு வேண்டியது அந்த ஒரு கை அரிசி. நிச்சயமாக அலர்ட் எழுப்ப வேண்டிய, தீங்கில்லாத ஒரு சோதனைக் கோரிக்கையை, கல்லூரி வளாகமென்றால் தேர்வு முடிவு வெளியாகும் காலையிலும், இரவு பேக்கப் ஓடும்போதும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெட்வொர்க்கின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் அனுப்ப வேண்டும். பன்னிரண்டு அனுப்பி ஒன்பது அலர்ட் வந்தால், மூன்று எங்கே போயின என்று ஸ்விட்ச்சிலிருந்து தேடிக்கொண்டு வர வேண்டும். இதிலும் ஓட்டை உண்டு: சோதனை போகும் பாதையைத்தான் அது அளக்கும், பக்கத்துப் பாதையை அளக்காது. ஹாஸ்டல் பகுதியிலிருந்து அனுப்பியது சரியாக வந்ததால் அலுவலகப் பகுதியும் தெரிகிறது என்று எழுதிவிடக் கூடாது.