பாலமும் சுவரெழுத்தும்: ஒரு விமர்சன நோக்கு

சுவரில் இடப்படும் குறிகளைச் சுட்டத் தமிழில் இரு சொற்கள் உள்ளன. 'சுவரோவியம்' என்றதும் கோயில் விதானமும் குகைத்தளமும் நினைவுக்கு வருகின்றன. 'சுவரெழுத்து' என்றதும் தேர்தற்கால இரவுகளும், வாளியிற் கரைத்த சுண்ணாம்பும், மறுநாட் காலையில் அதனை அழிக்க வருபவரும் நினைவுக்கு வருகின்றனர். இவ்விரு சொற்களும் இருவேறு பொருள்களைச் சுட்டுவன போலத் தோன்றினும் உண்மையில் இருவேறு தீர்ப்புகளையே சுட்டுகின்றன. ஒரே சுவர், ஒரே வண்ணம், சில வேளைகளில் ஒரே கை. ஆயினும் ஒன்று பேணப்படுகின்றது. மற்றது பூசி மறைக்கப்படுகின்றது. இத்தீர்ப்பு எந்த அளவுகோலின்படி வழங்கப்படுகின்றது என்பது கலை விமர்சனத்துக்குரிய வினாவாகும். அதனை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள ஆறாம் வீதிப் பாலத்திலும் பொருத்தமான இடம் அரிது.

நகர மையத்தை ஆற்றின் கிழக்குக் கரையோடு இணைக்கும் இப்பாலம் முதலில் 1932இல் கட்டப்பட்டது. அதன் கொங்கிறீற்றுக் கலவையிற் சேர்ந்த கற்களுக்கும் சீமெந்தின் காரத்துக்கும் இடையே நிகழ்ந்த இரசாயனத் தாக்கத்தினால் அது உள்ளிருந்தே வெடித்துச் சிதையலாயிற்று. திருத்த முயன்றும் பயன் இன்மையால், நிலநடுக்கத்துக்கு அஞ்சி 2016இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் 58 கோடியே 80 இலட்சம் டொலர் செலவில் எழுந்த புதிய பாலம் 2022 யூலையில் திறக்கப்பட்டது. மைக்கல் மோல்ற்சன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த இப்பாலத்தின் இருமருங்கிலும் வெளிநோக்கிச் சாய்ந்த வெண்ணிற வளைவுகள் பத்துச் சோடி உள்ளன. இரவில் இவ்வளைவுகள் ஒளியூட்டப்படும் என்பதனால் 'ஒளி நாடா' என்ற பெயரும் சூட்டப்பட்டது.

திறந்த சில வாரங்களுக்குள் நிகழ்ந்தவை உலகச் செய்திகளாயின. இளைஞர்கள் வளைவுகளின் மீது ஏறினர். மகிழுந்துகளைச் சுழற்றிச் சக்கரத்தாற் கரும் வட்டங்கள் வரைந்தனர். ஒருவர் நடுப்பாலத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து முடி வெட்டிக்கொண்டார். வெண்ணிறக் கொங்கிறீற்றில் வண்ணத் தெளிப்பான்களால் பெயர்கள் எழுதப்பட்டன. பொலிசார் பல இரவுகள் பாலத்தை மூடினர். 'கிறாபிற்றி' பற்றிய கவலை நகரசபையிலும் பத்திரிகைகளிலும் ஒருங்கே ஒலித்தது. முடி வெட்டிக்கொண்டவரின் செயலில் ஓர் அங்கத நாடகத்துக்குரிய நுட்பம் உண்டு என்பதை எவரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. போகட்டும்.

இக்கவலையின் பொருளை அறிய, பாலம் இணைக்கும் இரு கரைகளையும் நோக்குதல் வேண்டும். மேற்குக் கரையில் இருப்பது 'ஆர்ட்ஸ் டிஸ்ரிக்ற்' எனப்படும் கலைஞர் வட்டாரம். கைவிடப்பட்ட பண்டகசாலைகளில் 1970களில் ஓவியர்கள் சட்டவிரோதமாகக் குடியேறினர். 1981இல் நகரசபை அதனைச் சட்டபூர்வமாக்கியது. பின்னர் காட்சிக்கூடங்களும் உணவகங்களும் உயர்வாடகைக் குடிமனைகளும் வந்தன. அங்குள்ள சுவர்களில் நிறைந்துள்ள தெளிப்பு ஓவியங்களின் முன்னே சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுக்கின்றனர். அங்கு வண்ணத் தெளிப்பான் நிலத்தின் விலையை உயர்த்தும் கருவி.

கிழக்குக் கரையில் இருப்பது பொயில் ஹைற்ஸ். யூதர், யப்பானியர், மெக்சிக்கர் எனப் பல்லினத்தாரும் கலந்து வாழ்ந்த அப்பகுதியை 1939இல் அரச வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று தன் வரைபடத்தில் சிவப்பு நிறத்தால் அடையாளமிட்டது. அதாவது, கடன் வழங்கத் தகாத இடம் எனத் தீர்த்தது. இதுவும் ஒருவகைச் சுவரெழுத்தே. ஆயின் அதனை அழிக்க எவரும் வரவில்லை. பின்னர் பெருந்தெருக்கள் அப்பகுதியைக் கூறுபோட்டன, வீடுகள் இடிக்கப்பட்டன. பெரும்பாலும் மெக்சிக்க வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்களே அங்கு எஞ்சின. புதிய பாலம் திட்டமிடப்பட்ட காலத்தில் காட்சிக்கூடங்கள் ஆற்றைக் கடந்து கிழக்கே வரத்தொடங்கின. 'கலை வந்தால் வாடகை பின்னே வரும்' என்பதை மறுகரையிற் கண்டிருந்த மக்கள் அவற்றின் முன்னே மறியல் செய்தனர். 2016இல் அக்காட்சிக்கூடங்களில் ஒன்றின் கதவில் வெள்ளையர் கலையைப் பழித்து எவரோ எழுதினர். பொலிசார் அதனை இனவெறுப்புக் குற்றமாகக் கருதி விசாரணை தொடங்கினர். ஆற்றின் ஒரு பக்கத்தில் காட்சிப்பொருளாகிய தெளிப்பான் மறுபக்கத்தில் குற்றத்தடயமாயிற்று. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் பாலமே உள்ளது.

இத்தகைய தீர்ப்புகளுக்கு அந்நகரில் நீண்ட வரலாறு உண்டு. பழைய பாலம் திறக்கப்பட்ட அதே 1932ஆம் ஆண்டில், மெக்சிக்க ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிக்கெய்றோஸ் ஒல்வேரா வீதியிலுள்ள கட்டடம் ஒன்றின் மேற்சுவரில் 'வெப்பமண்டல அமெரிக்கா' என்ற ஓவியத்தைத் தீட்டினார். ஆதிக்குடியினன் ஒருவன் சிலுவையில் அறையப்பட்டிருக்கின்றான். அவன் தலைக்கு மேலே கழுகு அமர்ந்திருக்கின்றது. இனிய வெப்பமண்டலக் காட்சி ஒன்றை எதிர்பார்த்தவர்களுக்கு இது உவப்பாயிருக்கவில்லை. வீதியிலிருந்து தெரியும் பகுதி விரைவிலேயே வெள்ளையடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் முழு ஓவியமும் மறைந்தது. எண்பது ஆண்டுகள் கழித்து, 2012இல், அதே ஓவியம் பெரும் பொருட்செலவிற் பேணப்பட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. ஓவியம் மாறவில்லை. மாறியது அதன் அபாயம். உரைக்கப்பட்டோர் மறைந்த பின்னரே உரை கலையாயிற்று.

இதனினும் நுட்பமான நிகழ்ச்சி 2010 டிசம்பரில் இடம்பெற்றது. நகரின் சமகாலக் கலைக் கூடம் தானே அழைத்து, புளூ என்ற இத்தாலிய ஓவியரைக் கொண்டு தன் சுவரில் ஓர் ஓவியம் வரையச் செய்தது. டொலர்த் தாள் போர்த்திய சவப்பெட்டிகளை அவர் வரைந்தார். எதிரே போர்வீரர் மருத்துவ நிலையமும் யப்பானிய அமெரிக்கப் போர்வீரர் நினைவுச் சின்னமும் இருந்தமையைக் காரணங்காட்டி, கூடத்தாரே அதனை வெள்ளையடித்தனர். அடுத்த ஆண்டு அதே கட்டடத்தில் 'தெருக்களிற் கலை' என்ற மாபெருங் கண்காட்சி நடந்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சீட்டுப் பெற்றுச் சுவரெழுத்தைக் கண்டுகளித்தனர். காரணம் நியாயமானதா அன்றா என்பது வேறு வாதம். சுவரின் உடைமையாளர் விரும்பும் வரையிலேதான் ஓவியம் ஓவியமாக இருந்தது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

இவ்வுண்மையை விமர்சகர்களுக்கு முன்னரே உணர்ந்தவர்கள் கிழக்கு லொஸ் ஏஞ்சலிசின் 'அஸ்கோ' குழுவினர். அஸ்கோ என்பது அருவருப்பு எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல். ஹரி கம்போவா 1972இல் மாவட்டக் கலைக்கூடத்துக்குச் சென்று, மெக்சிக்க வம்சாவளி ஓவியர்களின் படைப்புகள் ஏன் அங்கே இல்லை என வினவினார். அவர்கள் செய்வது கலையன்று, சுவரெழுத்து என்ற கருத்துப்பட அங்கிருந்த அலுவலர் விடையிறுத்தார் எனக் கம்போவா பின்னர் கூறியுள்ளார். அன்றிரவே கம்போவா, வில்லி எரோன், குறோங்க் ஆகிய மூவரும் கலைக்கூடத்தின் நடைபாலச் சுவரில் தங்கள் பெயர்களைத் தெளிப்பானால் எழுதினர். மறுநாட் காலை கம்போவா எடுத்த நிழற்படத்தில் குழுவின் மற்றோர் உறுப்பினரான பற்சி வல்டேஸ் அப்பெயர்களுக்கு மேலே, கைப்பிடிக்குப் பின்னால் நிற்கின்றார். கூடத்தார் அன்றே பெயர்களை அழித்தனர். ஓவியன் தன் ஓவியத்தின் மூலையில் ஒப்பமிடுவது வழக்கம். இவர்களோ கலைக்கூடம் முழுவதையுமே தம் படைப்பாகக் கொண்டு அதன் அடியில் ஒப்பமிட்டனர். 'சுவரெழுத்து' என்ற இழிசொல்லை மறுக்காது, ஏற்று, அதனையே கருத்தாக்கிய செயல் இது. அக்கூடமே 2011இல் அஸ்கோ குழுவின் பணிகளைத் தொகுத்துக் கண்காட்சி நடத்திற்று.

இம்மூவருள் வில்லி எரோன் அதே 1972இல் சிற்றி ரெறஸ் என்ற கிழக்குப் பகுதியின் ஒடுங்கிய சந்து ஒன்றில் தீட்டிய 'வெடித்துத் திறந்த சுவர்' என்னும் ஓவியம் தனியே நோக்கற்பாலது. அச்சந்தில் அவரது தம்பி இளைஞர் குழுவொன்றினாற் குத்தப்பட்டான். அவ்விடத்துச் சுவரிலேயே எரோன் ஓவியத்தைத் தொடங்கினார். சுவர் பிளந்து உள்ளிருந்து உருவங்கள் வெளிப்படுகின்றன. போரிடும் இளைஞர்களும், அழும் முதியவள் ஒருத்தியின் முகமும் தோன்றுகின்றன. ஆனால் ஓவியத்தின் சிறப்பு இவ்வுருவங்களில் மட்டும் இல்லை. அச்சுவரில் ஏற்கெனவே குழுக்கள் எழுதியிருந்த பெயர்களை எரோன் பூசி மறைக்கவில்லை. அவற்றை அவ்வாறே விட்டு, அவற்றினூடாகவே உருவங்களை இயைத்தார். தம்பியைக் குத்தியவர்களின் எழுத்தாகவும் அவை இருந்திருக்கலாம். பழிவாங்கும் மனம் முதலில் அவற்றையே அழித்திருக்கும்; ஒழுக்கம் போதிக்கும் மனமும் அவ்வாறே செய்திருக்கும். இவ்வோவியமோ அப்பெயர்களைத் தன் துயரத்தின் மூலப்பொருளாகக் கொள்கின்றது. வெள்ளையடித்த சுவரில் தீட்டப்பட்டிருப்பின் அது வெறும் இரங்கலாக நின்றிருக்கும். ஓவியத்தையும் எழுத்தையும் பிரிக்கும் கோட்டை உடைத்தமையினாலேயே அது சமூகத்தின் உள்முரண்பாட்டைக் காட்டும் கலையாக உயர்கின்றது.

இவற்றைக் கொண்டு, சுவரில் எழுதப்படும் யாவும் கலை, யாவும் எதிர்ப்பு என முடிவு கட்டுவது விமர்சனத்தின் கடமையைக் கைவிடுவதாகும். முற்போக்குப் பேசுவோர் சிலரிடம் இக்குறைபாடு உண்டு. கிழக்கு லொஸ் ஏஞ்சலிசின் பழைய சுவரெழுத்து மரபு, 'பிளாக்கா' எனப்படுவது, திட்டமான இலக்கணம் உடையது. சான்றிதழ்களிலும் பத்திரிகைத் தலைப்புகளிலும் காணப்படும் பழைய கோதிக் எழுத்துருவை வறியவரின் பிள்ளைகள் தமதாக்கி, வீதியின் பெயரையும் உறுப்பினர் பெயர்வரிசையையும் நேர்நிரலாக எழுதினர். இறுதியில் 'கொன் சஃபோஸ்' என்பதன் சுருக்கமாக இரண்டு எழுத்துகளை இட்டனர். எழுத்தைச் சிதைப்பவனுக்கே அச்சிதைவு திரும்பும் என்ற காப்புமொழி அது. சீனத் தூரிகையெழுத்தையும் பயின்ற சாஸ் பொஹோர்கெஸ், 1969இல் மண்டையோட்டு முகமும் தொப்பியும் கொண்ட 'அதிர்ஷ்டக் கனவான்' உருவை வெட்டுத்தகட்டினால் சுவரில் பதித்தபோது இம்மரபையே வளர்த்தெடுத்தார். இந்த அளவுகோலால் அளந்தால், 2022இல் புதிய பாலத்தில் விரைந்து கிறுக்கப்பட்ட பெயர்களிற் பெரும்பாலானவை வறியனவே. அவற்றில் எழுத்தின் ஒழுங்கும் இல்லை, இடத்தின் உணர்வும் இல்லை. இரவிரவாக மகிழுந்துகளின் இரைச்சலால் உறக்கமிழந்த பொயில் ஹைற்ஸ் வாசிகளின் முறைப்பாட்டைப் பூர்சுவா மனப்பான்மை எனத் தள்ளிவிடவும் இயலாது. அதிகாலையில் வேலைக்குச் செல்பவர்கள் அவர்களே.

ஆயினும், மோசமான எழுத்து என்பது ஒரு தீர்ப்பு. குற்றம் என்பது வேறொரு தீர்ப்பு. முன்னதை வழங்கும் விமர்சகன் பின்னதற்குச் சாட்சியாக அழைக்கப்படுவதை மறுத்தல் வேண்டும். கவலை எங்கே திரும்புகின்றது என்பதையும் அவன் கேட்டாக வேண்டும். நகர மையத்தில் நூறு கோடி டொலருக்கு மேல் விழுங்கிய வானளாவிகள் 2019இல் பணமின்றி இடைநடுவில் நின்றன. ஐந்தாண்டுகளாக அவ்வெறுங் கோபுரங்கள் நகரின் பெரும் பேச்சாகவில்லை. 2024இன் தொடக்கத்தில் இளைஞர்கள் ஏறி இருபதுக்கு மேற்பட்ட மாடிகளில் தங்கள் பெயர்களை எழுதிய பின்னரே அவை மாநகரத்தின் அவமானமாயின. நகரசபை பல இலட்சம் டொலரை ஒதுக்கிற்று. வீடின்றித் தெருவில் உறங்குவோர் பல்லாயிரவர் வாழும் நகரில், குடியிருக்க எவருமற்ற கோபுரம் உறுத்தவில்லை. அதன் கண்ணாடியில் எழுதிய பெயர் உறுத்திற்று. ஆறாம் வீதிப் பாலத்தின் 'ஒளி நாடா'வும் அக்காலத்தில் இருண்டு கிடந்தது. மின்விளக்குகளின் செப்புக்கம்பியைத் திருடர் மைல்கணக்கில் உருவிச் சென்றிருந்தனர். கம்பியை உருவியவனுக்கு எழுதுவதற்கு ஒன்றும் இல்லை; விற்பதற்கே இருந்தது.

2013ஆம் ஆண்டுச் சட்டம் லொஸ் ஏஞ்சலிசில் தனியார் சுவர்களில் ஓவியம் வரைவதற்கு இருந்த பத்தாண்டுத் தடையை நீக்கியது. ஆனால் ஓவியம் பதிவு செய்யப்படல் வேண்டும். உடைமையாளரின் இசைவு வேண்டும். சுவர் உடையோருக்கே ஓவியம் உரித்து. புதிய பாலத்தின் அடியில் 12 ஏக்கரிற் பூங்காவும் கலைவெளியும் திட்டமிடப்பட்டன. அங்குள்ள தூண்களுக்கு இசைவு வழங்குவோர் எவர் என்பதிலேயே அக்'கலைவெளி' யாருடையது என்ற வினாவும் தங்கியுள்ளது.

இவ்வினாவுக்கு அதே மாநிலத்தின் தெற்கில், சான் டியேகோ நகரில், வேறொரு விடை கிடைத்தது. 1969இல் திறக்கப்பட்ட கொறனாடோ பாலம் மெக்சிக்க மக்களின் குடியிருப்பொன்றை ஊடறுத்துச் சென்றது. அதன் கீழுள்ள நிலத்தில் பூங்காவை எதிர்பார்த்திருந்த மக்கள், 1970 ஏப்ரல் 22இல் அங்கே பெருந்தெருப் பொலிஸ் நிலையத்துக்காக நிலம் சமன்செய்யும் இயந்திரங்கள் வந்தபோது, நிலத்தில் இறங்கி அவற்றை மறித்தனர். நாட்கணக்கில் அங்கேயே தங்கி, பூங்காவை வென்றனர். 1973 முதல் பாலத்தின் கொங்கிறீற்றுத் தூண்களில் அவர்களின் ஓவியர்கள் வரையத்தொடங்கினர். 2016இல் அவ்விடம் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் ஓவியங்களின் வண்ணம் மங்கியபோது, எவரும் சுண்ணாம்பு கரைக்கவில்லை. பாலத்துக்கு உரிய மாநில அரசின் உதவியுடன், முதலில் வரைந்தவர்களிற் சிலரே முதிர்ந்த வயதில் சாரங்கட்டி ஏறி அவற்றை மீளத் தீட்டினர்.